கம்பெனி வாசலில் ஒரு கரும்பலகை

ஹெலன் தேவகிருபைக்கு ஒரே ஒரு சீடர். சீடருக்கு வயது ஐம்பத்தொன்பது. குருவுக்கு நாற்பத்தொன்று.

சீடரின் பெயர் சிதம்பரநாதன். வங்கியில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பது சீக்கிரமே அலுத்துவிட்டது. மதுரையில் ஹெலன் ஒரு சிறிய ஆலோசனை அலுவலகம் வைத்திருந்தார். தொழில் நடத்துபவர்கள் கம்ப்யூட்டருக்கும் செயலிகளுக்கும் மாறப்போகிறோம் என்று கிளம்பும்போது, அவர்களுடைய கம்பெனி அதற்குத் தயாராக இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துச் சொல்வது அவருடைய வேலை. சிதம்பரநாதன் ஒரு நாள் அங்கே போய், தனக்கும் அதைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஹெலன் அவரை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். அன்றிலிருந்து அவர் சீடர்.

குரு என்ற சொல் ஹெலனுக்குப் பிடிக்காது. அதனால் நேரில் அவர் "மேடம்" என்பார். வீட்டில் மனைவியிடம் பேசும்போது மட்டும் "எங்க குரு." அந்த அம்மாளும் குருவுக்குச் சேர்த்தே டிபன் பாக்ஸில் இட்லி வைத்து அனுப்புவார்.

பங்குனி பிறப்பதற்கு முன்னால் இருவரும் கோவில்பட்டிக்குக் கிளம்பினார்கள். அங்கே சங்கரபாண்டியன் என்பவருக்கு ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி இருந்தது. அவரிடம் நிறைய வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கடை நிறுவனம், சித்திரை முதல் புது நிபந்தனை போட்டிருந்தது. சரக்கு போவது, வருவது, கடையில் இருக்கும் பிரீசரின் குளிர் நிலை, எல்லாம் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வாங்க மாட்டார்கள். அவர்கள் வாங்காவிட்டால் அந்தக் கம்பெனி ஒரு கோடையைத் தாண்டாது.

காரில் போகும்போது சிதம்பரநாதன் கேட்டார்.

"மேடம், ஒரு கம்பெனி தயாரா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

ஹெலன் கியரை மாற்றினார்.

"போய்ப் பார்ப்போம் சார்."

சங்கரபாண்டியனை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைத்தார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பெனி முழுக்க நடந்துகொண்டே இருப்பார். வேலை செய்பவர்களில் யாருடைய பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, யார் வீட்டு மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி பிரமு இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அப்போது அவர் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று வேலைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அவருடன் சாப்பிட்டிருக்கிறார்கள். பிறகு அவரே மதியச் சாப்பாட்டைக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டார். எல்லோருடனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

சிதம்பரநாதன் இரண்டு நாட்கள் அங்கே விசாரித்தார். கேள்விகளை அவரே தயார் செய்திருந்தார். வங்கிக்காரர் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. புது முறைக்கு மாறச் சம்மதமா, கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்குவீர்களா, இப்போது இருக்கும் கணக்கு சரியாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்.

தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட சண்முகக்கனி அம்மாள் சம்மதம் என்றார். விற்பனையைப் பார்த்துக்கொண்ட இருதயராஜ் எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். வேன் ஓட்டும் பேச்சிமுத்து பட்டன் வைத்த பழைய போனைத்தான் வைத்திருந்தார். அவரும், "அண்ணாச்சி சொன்னா கத்துக்கிட வேண்டியதுதான சார்" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சிதம்பரநாதன் கூட்டிப் பார்த்தார். ஏறக்குறைய முழு மதிப்பெண். இப்படி ஒரு கம்பெனியை அவர் பார்த்ததே இல்லை.

ஹெலன் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"இந்த ரெண்டு நாள்ல யாராவது உங்ககிட்ட முடியாதுன்னு சொன்னாங்களா சார்?"

"இல்லை மேடம். எல்லாருக்கும் சம்மதம்."

"தெரியாதுன்னு?"

"இல்லை."

"அண்ணாச்சிகிட்ட யாராவது மறுத்துப் பேசுனதைப் பார்த்தீங்களா?"

சிதம்பரநாதன் யோசித்தார். அப்படி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அவர் மேல எல்லாருக்கும் அவ்வளவு பாசம் மேடம்."

"நானும் பார்த்தேன்" என்றார் ஹெலன். "நாளைக்குக் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். வேன்ல ஏறிச் சுத்திட்டு வாங்க."

மறுநாள் பேச்சிமுத்துவின் பக்கத்து இருக்கையில் சிதம்பரநாதன் உட்கார்ந்துகொண்டார். எட்டயபுரம் பக்கம் போகும் வேன். ஒவ்வொரு கடையிலும் பேச்சிமுத்து பெட்டிகளை இறக்குவார். வெனிலா, பிஸ்தா, பால் குச்சி ஐஸ். எல்லாக் கடையிலும் ஒரு சிறிய பெட்டி மட்டும் இறங்காமல் வேனிலேயே இருந்தது. இரண்டு கடைகளில் பழைய பெட்டி ஒன்று அப்படியே திரும்பி ஏறியது.

அது சுக்குக் கருப்பட்டி ஐஸ்கிரீம்.

அதைப் பற்றி அண்ணாச்சி முதல் நாளே சொல்லியிருந்தார். பிரமு கண்டுபிடித்தது. உடன்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி, சுக்குத் தட்டிப் போட்டு, பாலைச் சுண்டவைத்துச் செய்வது. அது ஒன்றுதான் வேறு எந்தக் கம்பெனியிலும் கிடையாது என்று சொல்லும்போது அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தினமும் போடுகிறார்கள், தினமும் தீர்ந்துவிடுகிறது என்றார்.

ஒரு கடைக்காரரிடம் சிதம்பரநாதன் மெல்லக் கேட்டார். கடைக்காரர் சிரித்தார். சளி பிடித்தவர்கள்தான் சுக்கு கேட்பார்கள், சளி பிடித்தவர்களுக்கு யாரும் ஐஸ்கிரீம் வாங்கித் தர மாட்டார்கள், இதை நான் யாருக்கு விற்க என்றார்.

திரும்பும் வழியில் பேச்சிமுத்து வேனை ஹாக்கி மைதானத்துப் பக்கம் திருப்பினார். விளையாடி முடித்தவர்கள் வேனைப் பார்த்ததும் வந்துவிட்டார்கள். பேச்சிமுத்து எல்லாச் சிறிய பெட்டிகளையும் பிரித்துக் கொடுத்தார். வியர்வையோடு நின்றவர்கள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டே போனார்கள்.

சிதம்பரநாதன் கேட்காமலே பேச்சிமுத்துவே சொன்னார். எல்லா வேனும் இப்படித்தான் என்றார். விற்றதாக எழுதிவிடுவார்கள். பணம் இடிக்காமல் இருக்க, கடைக்காரர்களுக்கு வெனிலாவில் கொடுக்க வேண்டிய கழிவுத் தொகையை இருதயராஜ் சார் கொஞ்சம் குறைத்துச் சரிக்கட்டிவிடுவார். யாரும் ஒரு பைசா எடுத்தது கிடையாது.

"அண்ணாச்சிக்கு அந்த அம்மா நெனப்பா மிச்சம் இருக்கது இது ஒண்ணுதான் சார். யாரும் வாங்கலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. நீங்க சொல்லிராதீக."

சிதம்பரநாதன் சொல்ல மாட்டேன் என்றார். யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

கம்பெனிக்குத் திரும்பியதும் ஹெலன் கேட்டார்.

"எப்படி சார் இருந்தது?"

"நல்லா இருந்தது மேடம்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லை."

ஹெலன் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு காலையில் கடையில் வாங்கி வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, மிச்சம் இருந்த இட்லியில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"உங்களையும் சேர்த்துக்கிட்டாங்க போல" என்றார்.

அடுத்த நாள் காலை ஹெலன் அண்ணாச்சியிடம் போய், மென்பொருளுக்கு ஆர்டர் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு கரும்பலகை வேண்டும் என்றார். வாசலில் எல்லோரும் போக வர இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். எந்தச் சரக்கு எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது, அன்றைக்கு என்ன தவறியது என்பதைச் சாயங்காலம் அவரவரே எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணாச்சி சிரித்தார்.

"கம்ப்யூட்டர் வைக்க உங்களக் கூப்பிட்டா, நீங்க பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லுதீக."

ஆனாலும் வாங்கிவிட்டார். மதியத்துக்குள் பலகை வந்து இறங்கியது.

அப்போதுதான் சிதம்பரநாதன் ஒன்றைக் கவனித்தார். கம்ப்யூட்டருக்கு உடனே சரி என்றவர்கள் கரும்பலகைக்குச் சரி என்று சொல்லவில்லை. சாக்பீஸ் தூள் பாலில் விழும் என்றார் சண்முகக்கனி. பால் வாசலுக்கு வருவதே இல்லை. வெளியாட்கள் பார்த்தால் தொழில் ரகசியம் போய்விடும் என்றார் இருதயராஜ். பேச்சிமுத்து தன் கையெழுத்து யாருக்கும் புரியாது என்றார். இன்னொரு வேன்காரர் மழை வந்தால் அழிந்துவிடும் என்றார். கோவில்பட்டியில் அந்த மாதத்தில் மழையை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

சிதம்பரநாதன் ஹெலனைப் பார்த்தார். ஹெலன் பலகையின் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வேன்கள் வந்தன. ஒவ்வொருவராக எழுதினார்கள். வெனிலா, பிஸ்தா எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பியதாக எழுதினார்கள். சுக்குக் கருப்பட்டிக்கு நேரே எல்லோரும் சுழியம் போட்டார்கள். தவறியது என்ற இடத்தில் யாரும் எதுவும் எழுதவில்லை.

அண்ணாச்சி பலகைக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பெரிய சந்தோஷம் அவருக்கு.

"பாத்தீகளா மேடம். பிரமுவோடது ஒண்ணுகூடத் திரும்பல."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் அங்கேயே இருதயராஜைக் கூப்பிட்டார். பெரிய கடைக்காரர்களுக்கு அனுப்பும் பட்டியலில் சுக்குக் கருப்பட்டியை முதலில் போடச் சொன்னார். கோடைக்கு அதை மூன்று மடங்கு காய்ச்ச வேண்டும், இன்னொரு அண்டாவுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். இவ்வளவு நாள் அதை ஓரமாக வைத்தது தன்னுடைய தப்பு என்றார்.

இருதயராஜ் சரி அண்ணாச்சி என்றார்.

தங்கியிருந்த லாட்ஜுக்கு நடந்து போகும்போது சிதம்பரநாதன் ஒரு டீக்கடை முன்னால் நின்றுவிட்டார்.

"மேடம், அந்தப் பலகை நாளைக்கும் வேணுமா?"

"உங்களுக்கு வேண்டாமா?"

"ஒரு நல்ல மனுஷன் மனசு நோகும்."

"அதுல அப்படி என்ன எழுதியிருக்கு?"

சிதம்பரநாதன், தான் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். ஹெலன் தலையை ஆட்டினார். அந்த வாக்கைக் காப்பாற்றச் சொன்னார். இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

"உங்களுக்குக் கோபம் வரலையா மேடம்? நான் உங்ககிட்டயே மறைக்கிறேன்."

"மூணே நாள்ல உங்களையே மறைக்க வச்சிருக்காங்கன்னா, அது எவ்வளவு நல்ல கம்பெனியா இருக்கணும்" என்றார் ஹெலன். "அதை அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு இல்ல சார்."

மறுநாள் காலையில் அவர்கள் போனபோது கம்பெனி வாசலில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். வேன்கள் கிளம்பவில்லை.

சண்முகக்கனி பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்காரர். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து பிரமுவோடு நின்று பால் காய்ச்சியவர். புடவைத் தலைப்பால் சுக்குக் கருப்பட்டிக்கு நேரே இருந்த சுழியங்களை அழித்துவிட்டு, அந்த இடம் முழுக்க ஒரே சொல்லை எழுதியிருந்தார்.

எல்லாம்.

அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்தார். படித்தார். முதலில் புரியவில்லை. திரும்பி வந்த பத்தியில் அது எழுதியிருப்பதை விரல் வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் திரும்பிருச்சா? நேத்தா?"

"தெனமும் அண்ணாச்சி" என்றார் சண்முகக்கனி.

"எவ்வளவு நாளா?"

சண்முகக்கனி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"பிரமு அக்கா இருக்கும்போதே."

அண்ணாச்சி பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பேச்சிமுத்து தண்ணீர் கொண்டுவர ஓடினார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அவளுக்குத் தெரியாதுல்ல?"

சண்முகக்கனி அழுதுகொண்டே சிரித்தார்.

"அக்காதான் சொல்லக் கூடாதுன்னு சொன்னது. நான் ஏதோ வீட்டுக்குன்னு காய்ச்சுனேன், அவுக அதைக் கடைக்கு அனுப்பிட்டு ஊரெல்லாம் பெருமை பேசுதாக, நான் எப்படிப் போயி நிறுத்தச் சொல்லன்னு கேட்டாக. மைதானத்துல குடுக்கச் சொன்னதும் அக்காதான். போகப்போக நிறுத்திக்கிடலாம்னு சொன்னாக. அதுக்குள்ள அக்கா போயிட்டாக. அதுக்கப்புறம் எங்க யாருக்கும் வாய் வரல."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. யாரும் கிட்டே போகவில்லை. சிதம்பரநாதன் ஹெலனைப் பார்த்தார். ஹெலனின் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் அவரும் அசையவில்லை.

துண்டை எடுத்தபோது அண்ணாச்சியின் கண் சிவந்திருந்தது. வாய் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கோணியிருந்தது.

"அவ எங்கிட்ட மறைச்சது அது ஒண்ணுதான்னு வச்சுக்கிடுவோம்" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்தார். "நீங்க?"

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள்.

"வேற என்ன?"

அவர் குரலில் கோபம் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பெட்டியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை.

இருதயராஜ்தான் முன்னால் வந்தார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சில கடைக்காரர்கள் கரண்ட் பில்லைக் குறைக்க ராத்திரியில் பிரீசரை அணைத்துவிடுகிறார்கள் என்றார். ஐஸ்கிரீம் இளகி, காலையில் மறுபடி உறைகிறது. நறநறவென்று இருக்கிறது என்று வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். சாத்தூர் பக்கம் ஒரு குடும்பம், பிள்ளைக்கு வயிறு கெட்டுவிட்டது என்று வந்து சத்தம் போட்டது. அவர்களை எப்படியோ சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டார். போன வருடம் அண்ணாச்சிக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்த சமயம். சொன்னால் படுத்துவிடுவார் என்று சொல்லவில்லை.

இப்போது அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. எழுந்தார்.

"ஐஸ்கிரீம் விக்கலன்னு மறைச்சீக, சரி. பிள்ளைக்கு வயிறு கெட்டதை எப்படிய்யா மறைச்சீரு? நாளைக்கு வேற ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல?"

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அண்ணாச்சி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு பகலில் சாத்தி அங்கே யாரும் பார்த்தது இல்லை.

வேன்கள் கிளம்பிப் போயின. சிதம்பரநாதன் ஹெலனிடம் வந்து, சுக்கு விஷயம் தனக்கு முதலிலேயே தெரியும் என்றார்.

"தெரியும் சார்."

"இந்தக் கம்பெனியை உடைச்சுட்டோமா மேடம்?"

ஹெலன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

அன்று வேன்கள் மதியமே திரும்பிவிட்டன. சாப்பாட்டு நேரம் வந்தது. எல்லோரும் வழக்கம்போல வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் யாரும் பாத்திரத்தைத் திறக்கவில்லை. அண்ணாச்சி உட்காரும் இடம் காலியாக இருந்தது.

கதவு திறந்தது. அண்ணாச்சி நேரே குளிர் அறைக்குப் போனார். ஒரு சின்ன டப்பாவும் மரக் கரண்டியும் எடுத்துக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். சுக்குக் கருப்பட்டி. ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். இத்தனை வருடத்தில் முதல் முறையாகச் சாப்பிடுகிறவர்போல நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தொண்டை எரியுதுல்ல?" என்று சண்முகக்கனியிடம் கேட்டார்.

"எரியத்தான் செய்யுது அண்ணாச்சி."

வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது ஒவ்வொருவராகப் பரவியது. அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்ததில் சுக்கு புரையேறி இருமினார்.

பேச்சிமுத்து மட்டும் சிரிக்காமல், தனக்கு அது பிடிக்கும் என்றார்.

"இதாவது நெசமா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"நெசம் அண்ணாச்சி. வேன்ல வரும்போது நான் ரெண்டு சாப்பிடுவேன்."

சாப்பிட்டுக்கொண்டே அண்ணாச்சி சொன்னார். சுக்குக் கருப்பட்டி இனிமேல் கடைக்குப் போக வேண்டாம். பிரமு நினைவு நாளுக்கு மட்டும் காய்ச்சலாம், நமக்குள் சாப்பிடலாம், பிடிக்காதவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வெனிலா சாப்பிடலாம். பிறகு இருதயராஜின் பக்கம் திரும்பினார். சாத்தூருக்கு நாம் இரண்டு பேரும் போவோம் என்றார். அந்தக் குடும்பத்தைப் பார்க்க வேண்டும், பிரீசரை அணைக்கிற கடைகளில் சரக்கை எடுத்துவிட வேண்டும், சரக்கு குறைந்தால் குறையட்டும். இருதயராஜ் கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது.

"என் மேல கோபம் தீரலையே அண்ணாச்சி?"

"தீரல. சாப்பிடும். சாப்பிட்டுட்டுப் போவோம்."

சாயங்காலம் சாத்தூரிலிருந்து திரும்பி வந்ததும் இருதயராஜே பலகையில் எழுதினார். எந்தெந்தக் கடையில் பிரீசர் அணைந்திருந்தது என்று எழுதும்போது சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது.

மறுநாள் காலை சிதம்பரநாதன் சீக்கிரமே போய்விட்டார். வேலைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பலகையில் புதிதாக ஒரு வரி இருந்தது. தவறியது என்ற இடத்தில், கோணல் மாணலான எழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்:

அண்ணாச்சி சாவிய வீட்ல வச்சிட்டு வந்ததால வேன் லேட்டு.

எழுத்து யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பேச்சிமுத்து வேனுக்குப் பின்னால் நின்று டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்ட வேண்டிய அவசியம் இல்லாத டயர்.

அண்ணாச்சி சாவியோடு திரும்பி வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். பின்னந்தலையைச் சொறிந்தார். கீழே கிடந்த சாக்பீஸை எடுத்தார். அதை அடித்துவிடப் போகிறார் என்றுதான் சிதம்பரநாதன் நினைத்தார்.

அண்ணாச்சி அந்த வரிக்குக் கீழே, இனிமே சாவி சண்முகக்கனி கிட்ட, என்று எழுதினார். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மத்தியானம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் சிதம்பரநாதன் அறிக்கையை முடிக்க உட்கார்ந்தார். தான் போட்டிருந்த மதிப்பெண்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டார். புதிதாக என்ன போடுவது என்று தெரியவில்லை. ஹெலன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமே போய்க் கேட்டார்.

"மேடம், மார்க் எதுவும் போட வரல. விட்டுடட்டுமா?"

"விட்டுடுங்க சார்."

"மென்பொருள் வர இன்னும் மூணு வாரம் ஆகும்னு சொல்லியிருக்காங்க. மாற்றம் ஆரம்பிக்கிற தேதின்னு ஒரு இடம் இருக்கு. பெரிய கடைக்காரங்க அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. அதுல என்னிக்குன்னு போட?"

ஹெலன் துணியை உதறி மடித்தார். உள்ளே சண்முகக்கனி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டு வாங்கியது அண்ணாச்சி என்று பதில் சொன்ன குரலிலிருந்து தெரிந்தது.

"நேத்து தேதியைப் போடுங்க சார்" என்றார்.